ஆங்கில மேடைப்பேச்சு வகுப்பு: சேர்ந்து திட்டமிட எந்த வழி கட்டுப்படியாகும்?

செமஸ்டர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் துறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசக் கற்றுத்தரும் வகுப்புகளை நாங்கள் ஐந்து பேர் எடுக்கிறோம். ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் பாடத்தைச் சேர்ந்து திட்டமிடலாமா? சரி, சேர்ந்து என்றால் எப்படி?

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நாங்கள் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சிலதில் கையைச் சுட்டுக்கொண்டோம். ஒன்றிரண்டு உருப்படியாக நின்றது. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். எனக்கென்று ஒரு சார்பு உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பிரிவில் 60 பேர். ஒருவருக்கு 3 நிமிடப் பேச்சு. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தொண்டையைச் செருமி நிற்க ஒரு நிமிடம், நாம் இரண்டு வார்த்தை சொல்ல ஒரு நிமிடம். ஆக 5 நிமிடம். 50 நிமிட பீரியடில் 10 பேர் பேசலாம் என்று காகிதத்தில் வரும். அட்டெண்டன்ஸ், மைக் தகராறு, "மேம், நாளைக்குப் பேசறேன் மேம்" எல்லாம் போக 8 பேர்தான் தேறுவார்கள். 60 பேரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்க எட்டு பீரியட் வேண்டும். அந்த எட்டு பீரியடில், அதாவது 400 நிமிடத்தில், ஒரு மாணவன் வாயைத் திறப்பது 3 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவன் உட்கார்ந்திருக்கிறான். பெரும்பாலும் தன் பேச்சை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, மேடையில் பேசுகிறவனைக் காதில் வாங்காமல்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டரில் ஆங்கில லேபுக்கு வாரம் 2 பீரியட், இரண்டாவதில் கம்யூனிகேஷன் லேபுக்கு வாரம் 4 பீரியட். பேட்சைப் பாதியாகப் பிரித்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஆனாலும் கணக்கின் அடிப்படை மாறாது. இலக்கணமோ இயற்பியலோ எடுக்கிறவருக்குத் திட்டம் என்பது தான் என்ன சொல்லப் போகிறோம் என்பது. மேடைப்பேச்சு வகுப்பில் ஆசிரியர் சொல்வதற்கு அரை மணி நேரச் சரக்குக்கு மேல் கிடையாது. ஒருவன் பேசும்போது மற்ற 59 பேர் என்ன செய்வார்கள் என்பதுதான் திட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்த்தால் சில வழிகள் தாமாகவே கீழே இறங்கிவிடும்.

தனிக்குடித்தனம்

முதல் வழி, சேராமலே இருப்பது. சிலபஸ் ஒன்று, மற்றபடி அவரவர் வகுப்பு அவரவர் பாடு. இதை எடுத்த எடுப்பில் ஒதுக்க எனக்கு மனமில்லை. எங்கள் துறையில் ஓய்வுபெற்றுப் போன ஒரு சார் இருந்தார். கையில் ஒரு சாக்பீஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போவார், வகுப்பே பேசும். அவரை உட்கார வைத்து 'மாட்யூல் மூன்று, செயல்பாடு இரண்டு' என்று சொல்லியிருந்தால் அந்த வகுப்பு செத்திருக்கும்.

சிக்கல் வருவது மார்க்கில். ஏ செக்‌ஷனில் 'மை ஆம்பிஷன்' என்று நெட்டில் எடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தவனுக்கு 18. பி செக்‌ஷனில் தன் அப்பாவின் டீக்கடையைப் பற்றித் திக்கித் திணறிச் சொந்தமாகப் பேசிய பெண்ணுக்கு 11. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். மதியத்துக்குள் விஷயம் காலேஜ் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெண் புகார் எதுவும் செய்யமாட்டாள். அடுத்த சுற்றில் அவளும் நெட்டில் எடுத்து ஒப்பிப்பாள். தனித்தனியாகத் திட்டமிடுவதற்கு ஆசிரியர் எந்த விலையும் கொடுப்பதில்லை, கொடுப்பது அவள்.

ஒருவர் சமைத்து எல்லோரும் சாப்பிடுவது

கோர்ஸ் கோஆர்டினேட்டர் ஒருவரே லெசன் பிளான், செயல்பாடுகள், வினாக்கள் எல்லாவற்றையும் செய்து மெயிலில் அனுப்பிவிடுவது இரண்டாவது வழி. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவோ என்.பி.ஏ. குழுவோ வரும் வருடத்தில் பெரும்பாலான கல்லூரிகள் இங்கேதான் வந்து நிற்கும். கோர்ஸ் ஃபைல் அழகாக இருக்கும். பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்திக்காட்டும் சிஓ-பிஓ மேப்பிங் கச்சிதமாக உட்காரும். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கும் அந்த ஃபைலுக்கும் தொடர்பு இருக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இதைப்பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நாலு பேரும் பழையவர் ஒருவரும் இருக்கும் துறை என்றால் மட்டும், முதல் செமஸ்டருக்கு இது கைகொடுக்கும்.

ஆளுக்கொரு யூனிட்

மூன்றாவது வழிதான் எல்லோரையும் மயக்குவது. ஐந்து யூனிட், ஐந்து ஆசிரியர். ஆளுக்கொன்றாகப் பிரித்து பிபிடி தயாரித்து கூகுள் டிரைவில் போட்டுவிடுவது. கணக்குப் போட்டால் யாருக்கும் ஆசை வரும். ஒரு யூனிட்டுக்கு எட்டு மணி நேர வேலை என்று வையுங்கள். தனித்தனியாக ஐந்து பேரும் ஐந்து யூனிட்டும் தயாரித்தால் மொத்தம் 200 மணி நேரம். பிரித்துக்கொண்டால் 40. ஆளுக்கு எட்டு மணி நேரத்தில் செமஸ்டரே முடிந்தது.

நாங்கள் இரண்டு வருடம் இப்படி ஓட்டினோம். நடந்தது இதுதான். எனக்கு வந்த யூனிட்டில் நான் 47 ஸ்லைடு போட்டேன். ஏன் 47? மற்றவர்கள் பார்க்கப் போகிறார்கள், குறைவாக இருந்தால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களே. இன்னொருவர் பேச்சின் பகுதிகளைச் சேர்க்கும் தொடர்களுக்கு 'சைன்போஸ்ட்' என்று பெயர் வைத்தார். அடுத்த யூனிட்டைச் செய்தவர் அதையே 'டிரான்சிஷன்' என்றார். மாணவர்கள் இரண்டும் வேறு வேறு என்று எண்ணி இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தார்கள். இரண்டாவது யூனிட் கையில் வருவதற்குள் மூன்றாவது யூனிட் நடந்து முடிந்தது. இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம், அந்த 47 ஸ்லைடை ஓட்டுவதற்கே மூன்று பீரியட் போய்விட்டது. முன்பே சொன்ன கணக்குப்படி அது 24 மாணவர்களின் மேடை நேரம்.

உழைப்பைப் பகிர்ந்துகொண்டோம், உண்மைதான். பகிர்ந்தது இந்த வகுப்புக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஒன்றை. வேதியியல் துறைக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தலாம்.

வாரம் ஒரு மணி நேரம்

அப்புறம் வந்தது வாராந்தரக் கூட்டம். டைம்டேபிள் போடும் சாரைப் பிடித்து, காபி வாங்கிக்கொடுத்து, செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடை ஐந்து பேருக்கும் காலியாக வைக்கச் செய்தோம். இந்த வழியை எடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது இதைத்தான். 'நேரம் கிடைக்கும்போது உட்காரலாம்' என்றால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது.

முதல் மூன்று வாரம் பிரமாதம். நாலாவது வாரம் பாதி நேரம் ஏதோ ஒரு சர்க்குலரில் போனது. ஐந்தாவது வாரம் இரண்டு பேர் சப்ஸ்டிட்யூஷனில் மாட்டிக்கொண்டார்கள். எட்டாவது வாரம் நானும் இன்னொரு மேடமும் மட்டும் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டோம். ஐந்து பேர், பதினைந்து வாரம் என்றால் மொத்தம் 75 மணி நேரம். அவ்வளவு நேரத்தை ஒரு பாடத்துக்கு ஒதுக்க எந்தத் துறைத்தலைவருக்கும் தயக்கம் இருக்கும், தப்பில்லை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் பிறந்த இரண்டு விஷயங்கள் இன்றும் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று, தலைப்புப் பட்டியல். 'பொல்யூஷன்', 'சோஷியல் மீடியாவால் நன்மையா தீமையா' மாதிரித் தலைப்புகளைத் தூக்கினோம். இவற்றுக்கு ஆயத்தப் பேச்சு போனிலேயே ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. அதற்குப் பதில், 'உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் மாற்ற விரும்பும் ஒரே ஒரு விஷயம்', 'வீட்டில் ரிப்பேரான ஒரு பொருளை யாரோ சரிசெய்த கதை', 'உங்கள் அம்மா தப்பு என்று நீங்கள் நினைக்கும் ஒரு விஷயத்தில் அம்மாவின் பக்கம் நின்று பேசுங்கள்'. ஐந்து பேர் உட்கார்ந்ததால்தான் அறுபது தலைப்பு வந்தது. தனியாக உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டோடு நான் நின்றிருப்பேன்.

இரண்டாவது, அந்த 59 பேருக்கு வேலை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1924-ல் கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அந்தச் சங்கத்தில் பேசுகிறவர் தவிர மற்றவர்களும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் நேரம் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார். ஒருவர் 'ஆ', 'அம்' எத்தனை என்று எண்ணுவார். ஒருவர் பேச்சை மதிப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். நாங்கள் மூன்று வண்ண அட்டையில் தொடங்கினோம். அது உடனே பிடித்துக்கொண்டது. எண்ணும் வேலையில் ஒரு தப்பு செய்தோம். எண்ணிக்கையை வகுப்பு முன்னால் அறிவிக்கச் சொன்னோம். ஒரு பையனுக்கு 'ஆக்சுவலி' மட்டும் 23 என்று வந்தது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் அடுத்த இரண்டு சுற்றுக்கு அவன் ஆப்சென்ட். இப்போது எண்ணிக்கை ஒரு துண்டுச்சீட்டில் எழுதப்பட்டு அவரவர் கைக்கு மட்டும் போகிறது.

ஒரே பேச்சு, ஐந்து மார்க்

இனி, என் சார்பு தொடங்கும் இடம். வாராந்தரக் கூட்டம் படுத்துவிட்ட பிறகு ஒரு நாள் யாரோ விளையாட்டாகச் சொன்ன யோசனை இது: ஒரே பேச்சை ஐந்து பேரும் கேட்டு மார்க் போட்டுப் பார்ப்போமே. ஒரு மாணவனிடம் அனுமதி கேட்டு அவன் பேச்சைப் பதிவு செய்திருந்தோம். கதவைச் சாத்திவிட்டு லேபில் போட்டோம். மூன்று நிமிடம். 'ரெஸ்பெக்டட் மேம் அண்ட் மை டியர் ஃப்ரெண்ட்ஸ்' என்று தொடங்கினான். போடியத்தின் இரண்டு ஓரத்தையும் பைக் ஹேண்டில் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். ஒன்றரை நிமிடத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. எட்டு ஒன்பது விநாடி மௌனம். அப்புறம் மேலே பார்த்து, மனப்பாடத்தை விட்டுவிட்டு, அவன் தாத்தாவின் மோட்டார் பம்ப் பற்றித் தப்பும் தவறுமாக இரண்டு வாக்கியம் சொந்தமாகச் சொன்னான். மறுபடி மனப்பாடத்தைப் பிடித்துக்கொண்டு முடித்தான்.

20-க்கு மார்க். யாரும் யாரையும் பார்க்காமல் சீட்டில் எழுதினோம். 16, 9, 13, 11, 15.

ஒன்பது போட்ட சார் சொன்னார்: "ஒன்பது விநாடி நின்னுட்டான். ஸ்டேஜ்ல அது பத்து வருஷம் மேடம்." பதினாறு போட்டவர், அந்த ஒன்பது விநாடிக்குப் பிறகு வந்த இரண்டு வாக்கியத்துக்காகவே போட்டதாகச் சொன்னார். இன்னொருவர் கிராமர் தப்புகளை எண்ணியிருந்தார். நான் பதினைந்து போட்டதற்குக் காரணம் எனக்கே கொஞ்சம் வெட்கமானது. அவன் தமிழ் மீடியம் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாலை இரண்டு மணி நேரம் பேசினோம். அதற்கு முந்தைய இரண்டு வருடக் கூட்டங்களில் பேசாததையெல்லாம் அன்று பேசினோம். ஏனென்றால் கேள்வி மாறிவிட்டது. 'என்ன எடுக்கலாம்' என்பது போய் 'எதை நல்ல பேச்சு என்கிறோம்' என்பது வந்துவிட்டது. அது தெளிவானால் என்ன எடுப்பது என்பது பாதி தானே தெளிவாகிவிடுகிறது. நின்றுபோன பிறகு மீண்டு வருவதற்கு மார்க் உண்டு என்று ஐந்து பேரும் ஒப்புக்கொண்டால், அதைக் கற்றுத்தரவும் வேண்டுமே. அதுவரை எங்களில் ஒருவரும் அதைக் கற்றுத்தந்ததே இல்லை. 47 ஸ்லைடில் ஒன்றில்கூட அது கிடையாது.

மனப்பாடம் பற்றிய சண்டையும் அன்று ஒருவழியாகத் தீர்ந்தது. ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் மேடையில் பேசுவதற்கென்றே தனி வரிசை உண்டு. அதில் ஏ2 நிலையில், அதாவது ஆறு நிலைகளில் கீழிருந்து இரண்டாவதில், தெரிந்த விஷயத்தில் முன்கூட்டிப் பழகி வந்த சின்னப் பேச்சு என்றால் அது ஏற்கத்தக்கதுதான். பேசியபின் வரும் எளிய கேள்விகளைச் சமாளிப்பதும் அந்த வரிசையிலேயே வருகிறது. முதலாண்டில் வரும் பிள்ளைகள் பலர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஆக, பழகி வருவது பாவமில்லை. பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி, அதற்கு 20-ல் 5 மார்க் என்று வைத்தோம். நெட்டில் எடுத்த பேச்சுகள் இரண்டு வாரத்தில் மெலிந்தன. தாத்தாவின் பம்ப் பற்றிக் கேட்டால் பேரனிடம் பதில் இருக்கும். 'குளோபல் வார்மிங்' பற்றிக் கேட்டால் என்ன இருக்கும்?

இந்த வழியின் செலவு: ஐந்து பேர், இரண்டு மணி நேரம், செமஸ்டரில் இரண்டு தடவை. மொத்தம் 20 மணி நேரம். இரண்டாவது தடவை செமஸ்டர் பாதியில் வைத்தால் நல்லது. அதற்குள் அவரவர் பழைய பழக்கம் மெல்லத் தலைகாட்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பதிவு என்றால் வீடியோ என்று நாம் நினைக்கிறோம். தங்கள் வீடியோ ஆசிரியர்களின் போனில் இருப்பதை மாணவிகள் பலர் விரும்புவதில்லை. அதைக் கூச்சம் என்று தள்ளக்கூடாது, நியாயமான பயம் அது. நாங்கள் இப்போது பெரும்பாலும் ஒலியை மட்டும் பதிவு செய்கிறோம், துறையின் கருவியில். மார்க் கூட்டம் முடிந்ததும் அழித்துவிடுகிறோம். கை, கண், நிற்கும் விதம் எல்லாம் தெரியாமல் போகும்தான். அதிலும் ஒரு லாபம் உண்டு. ஒலியாகக் கேட்டால் உடையும் முகமும் மார்க் வாங்காது.

ஒரே வகுப்பை நாலு பேர் பார்ப்பது

கடைசி வழி ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே பள்ளி ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு வகுப்பைத் திட்டமிடுவார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்புறம் கூடிப் பேசித் திருத்துவார்கள். திருத்தியதை இன்னொருவர் வேறொரு பிரிவில் எடுப்பதும் உண்டு. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டிலும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்ட ஆய்வைத் தொடர்ந்து ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-ல் எழுதிய நூல் மூலம் இது அமெரிக்காவில் பரவலாகத் தெரிய வந்தது.

நம் ஊரில் 'வகுப்பைப் பார்க்க வருகிறோம்' என்றாலே இன்ஸ்பெக்‌ஷன்தான். இளையவர் வகுப்பில் மூத்தவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் அந்த இளையவர் அன்று எடுப்பது பாடமாக இருக்காது, பரீட்சையாக இருக்கும். அதனால் இரண்டு விதி வைத்தோம். முதலில் எடுப்பவர் மூத்தவர். பார்க்க வருபவர்கள் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது. ஆளுக்கு நாலு மாணவர்களை மட்டும் பார்த்து, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதவேண்டும். அப்படியாக முதல் ஆட்டம் என் தலையில் விழுந்தது.

பாடம்: பேச்சின் முதல் அரை நிமிடம். 'டுடே ஐ ஆம் கோயிங் டு டாக் அபவுட்' இல்லாமல் எப்படித் தொடங்குவது. நாலு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து திட்டமிட்டோம். ஐந்து நிமிடம் விளக்கம், அப்புறம் ஜோடி ஜோடியாகப் பயிற்சி, அப்புறம் மேடை. வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து உட்கார்ந்ததும் இளைய மேடம் தன் குறிப்பைத் தயங்கித் தயங்கிப் படித்தார். நான் விளக்கியது ஐந்து நிமிடம் இல்லை, 22 நிமிடம். இரண்டாவது வரிசைப் பெண் தன் தொடக்கத்தை முழுசாகத் தமிழில் எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில் வார்த்தை வார்த்தையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் போனதும் தமிழ் எழுதிய பக்கத்தைக் கையால் மறைத்தாள். கடைசி வரிசைப் பையன் ஜோடிப் பயிற்சியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஜோடி நன்றாக ஆங்கிலம் பேசுகிற சி.பி.எஸ்.இ. பையன்.

மறைத்த அந்தக் கையைப் பற்றித்தான் அன்று அதிக நேரம் பேசினோம். தமிழில் யோசிக்க அவளுக்கு யாரும் தடை போடவில்லை; தடை இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் முறை வேறு பிரிவில் இளைய மேடம் எடுத்தபோது திட்டம் மாறியிருந்தது. முதல் மூன்று நிமிடம் ஜோடியோடு தமிழிலேயே கதையைச் சொல்லவேண்டும், எழுதக்கூடாது. அப்புறம் அதே கதையின் முதல் அரை நிமிடத்தை ஆங்கிலத்தில். ஜோடியும் நடுவில் ஒருமுறை மாறும். விளக்கம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. மேடைக்கு அன்று பதினோரு பேர் வந்தார்கள். அரை நிமிடப் பேச்சு என்பதால் அது சாத்தியமானது. என் வகுப்பில் வந்தவர்கள் நாலு பேர்.

இதற்கான செலவையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்குத் திட்டமிட ஆளுக்கு மூன்று மணி, இரண்டு வகுப்புக்கு இரண்டு மணி, பின்னால் பேச இரண்டு மணி. ஆளுக்கு ஏழு, மொத்தம் 28 மணி நேரம். கையில் கிடைப்பது ஒரே ஒரு பாடம். செமஸ்டரில் முப்பது பாடம் இருக்கும்போது ஒன்றுக்கு 28 மணியா என்று எங்கள் ஹெச்.ஓ.டி. கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஒரு பாடத்தில் தெரிந்துகொண்ட தமிழ் விஷயம் மற்ற எல்லா வகுப்புக்கும் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் பதில். அவருக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும் அந்தக் கணக்கை எண்ணாக எழுதிக்காட்டத் தெரியவில்லை.

யாருக்கு எது

ஒரே வழிதான் சரி என்று நான் சொல்லமாட்டேன். அரசு கலைக்கல்லூரியில் இரண்டு ஷிப்டில் ஓடும் துறை என்றால், காலை ஷிப்டுக்காரரும் மதிய ஷிப்டுக்காரரும் சந்திப்பதே படிக்கட்டில்தான். கௌரவ விரிவுரையாளர்களை எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிட்டு உட்கார வைப்பதும் அவர்கள் நிலைமைக்கு நியாயமில்லை. அங்கே வாராந்தரக் கூட்டமும் பாட ஆய்வும் நடக்காது. ஒரே பேச்சைக் கேட்டு மார்க் போடுவது நடக்கும். ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும். அப்புறம் மாதம் ஒரு பதிவை அவரவர் நேரத்தில் துறையிலேயே கேட்டு, மார்க்கை ஒரு சீட்டில் எழுதிப் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் புதியவர்களாக இருக்கும் துறை என்றால் கோஆர்டினேட்டர் திட்டம் ஒரு செமஸ்டர், அதோடு பேச்சுக் கேட்கும் கூட்டம் ஒன்று. இரண்டாவது செமஸ்டரிலும் அதே திட்டத்தைத் தூசிதட்டி எடுத்தால் பழகிப்போய்விடும், அங்கேதான் ஆபத்து. எல்லோரும் பத்து வருடம் தாண்டியவர்கள் என்றால் ஸ்லைடு, யூனிட் எதையும் பிரிக்கவே வேண்டாம். அவர்களிடம் சரக்கு இருக்கிறது. எதற்கு எத்தனை மார்க் என்று சொல்லும் ரூப்ரிக் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட துறையில் பாட ஆய்வு நன்றாக வேகும், யாரோ ஒரு மூத்தவர் முதலில் அடிவாங்கத் தயாராக இருந்தால்.

எங்களைப் போலக் கலந்துகட்டிய துறையாக இருந்து, கையில் செமஸ்டருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் என்றால், நான் இப்படிச் செலவழிப்பேன்: பேச்சுக் கேட்கும் கூட்டம் இரண்டு, அதற்கு நாலு மணி. பாட ஆய்வு ஒன்று, ஏழு மணி. மிச்சம் ஒரு மணியில் தலைப்புப் பட்டியலைப் புதுப்பிப்பது. யூனிட் பிரிப்பதற்கு நேரமே ஒதுக்கமாட்டேன். யாரிடமாவது நல்ல ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு எதற்குத் திட்டம்?

இந்த வரிசையில் பேச்சுக் கேட்பதை முன்னால் வைப்பது முக்கியம். நாங்கள் ஒரு வருடம் பாட ஆய்வை முதலில் வைத்துப் பார்த்தோம். எது நல்ல தொடக்கம் என்பதில் ஒத்துப்போகாத நாலு பேர் மூன்று மணி நேரம் திட்டமிட்டு, கடைசியில் எல்லோரையும் சமாதானப்படுத்தும் ஒரு பாடத்தைச் செய்தோம். அதில் ஐந்து செயல்பாடு இருந்தது. ஒன்றும் முடியவில்லை.

இந்த வருடத்துக்கு மூன்று ஒலிப்பதிவு தயாராக இருக்கிறது, பழைய மாணவர்கள் கொடுத்தது. கதவைச் சாத்திக்கொள்ள லேபும் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மேல். பாட ஆய்வில் முதலில் வகுப்பெடுப்பது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஒன்பது மார்க் போட்ட சாரிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி நாலு நாளாகிறது.